திருப்பி எடுத்த சாட்சி

கண்ணை மூடிக்கொண்டு வேதப்புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் கடவுளின் பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பதினாறு வயதில் வந்தது. யார் சொல்லித் தந்தது என்று நினைவில்லை. போரில் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த முகாமில் பலரும் அப்படிச் செய்தார்கள். அடுத்த கிழமை எங்கே இருப்போம் என்று தெரியாத காலம் அது. எந்தப் பக்கம் போவது என்று கேட்பதற்கு வேறு ஆளும் இருக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். விட்டவன் என்பதுகூடச் சரியில்லை. பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தது, நாங்களும் இடம்பெயர்ந்தோம், இரண்டும் ஒரே ஊருக்குப் போகவில்லை.

அந்த விரல் என்னை நிறைய இடங்களுக்கு அனுப்பியது. மன்னாரில் ஒரு கருவாட்டு வாடி, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினி, கட்டாரில் நாலு வருசம் கம்பி கட்டும் வேலை, பிறகு வவுனியாவில் லொறி. ஒவ்வொரு தரமும் வெளிக்கிடுவதற்கு முன் புத்தகத்தைத் திறந்தேன். எழும்பிப் போ என்ற மாதிரி ஏதாவது ஒரு வசனம் வரும், நானும் போவேன். இருந்த இடத்தில் இரு என்று ஒரு தரமாவது வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. பல தரம் வந்தது. அப்படி வந்தால், ஒழுங்காகத் திறக்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் திறப்பேன்.

போன வருசம் ஆவணியில் அக்காவின் கிணற்றுக்கு நான் செய்ததைச் சொல்வதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அக்காவின் காணி கீரிமலைக்குத் தெற்கே, கடலிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. இருபது வருசத்துக்கு மேல் அந்தப் பக்கம் இராணுவத்தின் கையில், ஒருவரும் போக முடியாமல் கிடந்து, பிறகு திறந்துவிட்டார்கள். அத்தான் முகாமிலேயே செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. அக்கா தனியாகத் திரும்பி வந்தாள். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் இரும்பும் கல்லும் ஒரு கதிரையின் காலும் கிடந்தன. அவள் முதலில் கிணற்றைத் துப்புரவாக்கினாள், பிறகுதான் கூரை போட்டாள். நான் கடைசியாக லொறி வேலையும் சரிவராமல் அவளிடம் வந்து சேர்ந்தபோது நாலு பரப்பு நிலத்தில் வெங்காயம் நின்றது.

அது பங்குக் கிணறு. பாதி எங்களுடையது, பாதி பக்கத்துக் காணிக்காரருடையது. காணி உறுதிப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எல்லை வேலி கிணற்றடிக்கு வந்து நின்றுவிட்டு, கிணற்றுக்கு அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்கும். திங்கள், புதன், வெள்ளி நாங்கள் இறைப்போம். செவ்வாய், வியாழன், சனி அவர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குப் போவதால் இறைப்பதில்லை. அவர்கள் சைவக்காரர், இறைத்திருக்கலாம். ஆனால் அவர்களும் ஞாயிறில் மோட்டரைத் தொடுவதில்லை. "உங்கடை ஓய்வுநாள் கிணத்துக்கும் நல்லது, ஊறட்டும்" என்பார் அந்தப் பக்கத்துக்காரர்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. மனைவி, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள், ஐந்து பரப்பு மிளகாய். காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார். பத்து மணிக்குள் அது வியர்வையில் கரைந்துவிடும், வாய் மட்டும் ஓயாது.

அந்த வருசம் சித்திரைக்குப் பிறகு மழையே இல்லை. ஆவணி பிறக்கும்போது கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. மோட்டரைப் போட்டால் நாற்பது நிமிசத்தில் காற்று இழுக்கத் தொடங்கும். வெங்காயம் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து கிழமைக்காவது தண்ணீர் வேண்டும். அந்த வெங்காயம்தான் அக்காவின் வருசம். அரிசி, கோதுமை மா, மருந்து எல்லாம் அதிலிருந்துதான். அது கருகினால் அவள் வேறு ஆட்களின் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கத்தான் போக வேண்டும். அவளுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கம்பிரசர் வைத்துக் கல் உடைக்கும் ஒருவர் ஊருக்குள் வந்திருந்தார். கிணற்றின் அடியில் பதினைந்து அடிக்குத் துளை போட்டுக் குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகக் கிளம்பி வரும், ஒரு நாள் வேலை என்றார். எனக்கு அந்தக் கதை பிடித்துவிட்டது. கிணற்றடியில் பக்கத்துக்காரரிடம் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணை. கீழை போகாதேங்கோ. உந்தக் கல்லுக்குக் கீழை சவர்" என்றார். சவர் என்றால் எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணீர்.

"கீரிமலையிலை கடலுக்குப் பக்கத்திலை நல்ல தண்ணி வருதே தம்பி. கடற்கரையிலையே நல்ல தண்ணி எண்டா இங்கை என்னெண்டு சவர் வரும்?"

"அது மேலாலை ஓடிப்போய் அங்கை விழுகிற தண்ணி. மழைத் தண்ணி மேலை மிதக்குது, சவர் கீழை கிடக்குது. நாங்கள் மேலை கிடக்கிறதைத்தான் அள்ளிக் குடிக்கிறம்."

"நீர் கீழை போய்ப் பாத்தனீரோ?"

"நீங்கள் கட்டாரிலை இருந்து பாத்தனீங்களோ?"

அத்தோடு அன்றைய கதை முடிந்தது. வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயத் தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் ஜெபம் பண்ணு. அவனோடையும் இன்னொருக்கா ஆறுதலாக் கதை. ரெண்டையும் செய்துபோட்டு வந்து சொல்லு" என்றாள்.

நான் முதலாவதை மட்டும் செய்தேன், அதுவும் ஒரு காலைதான். அடுத்த நாள் விடியற்காலை, குசினி வாசலில் இருந்துகொண்டு ஜெபித்தேன். பொய்யாக ஜெபிக்கவில்லை. ஆண்டவரே, எனக்குப் புத்தி காணாது, நீர்தான் சொல்ல வேண்டும் என்று மனமுருகித்தான் கேட்டேன். பிறகு புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தேன். யார் யாரைப் பெற்றார் என்ற நீண்ட பெயர் வரிசை. மூடினேன். இரண்டாம் தரம் திறந்தேன். அமைதியாகக் காத்திருப்பவனுக்கு நன்மை என்ற பொருளில் ஒரு வசனம். மூடினேன். மூன்றாம் தரம் ஆண்டவர் மீனவரை ஆழத்துக்குப் போய் வலையை இறக்கச் சொன்ன இடம் வந்தது. ஆழம் என்ற சொல்லில் என் விரல் நின்றது. அந்த இடம் மீனைப் பற்றியது, கிணற்றைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உடம்பெல்லாம் ஒரு சந்தோசம் ஓடியது. அந்தச் சந்தோசத்தைத்தான் நான் எப்போதும் பதில் என்று எடுத்துக்கொள்வேன்.

நேரே வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போனேன். அவர் மிளகாய்க்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ஜெபம் பண்ணிக் கேட்டனான். ஆழமாக்கச் சொல்லிக் கடவுள் சொல்லிப்போட்டார்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். வாய் திறந்தது, பிறகு மூடியது. அவர் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"அப்பிடியெண்டா நான் என்னத்தைச் சொல்ல? செய்யுங்கோ" என்றார்.

அவர் மனத்தையும் ஆண்டவர் இளக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அக்கா, "அவன் ஓம் எண்டவனோ?" என்று கேட்டாள். "ஓம் எண்டுட்டார்" என்றேன். அது உண்மைதான்.

கம்பிரசர்க்காரர் வந்தார். ஊர் முழுக்கக் கேட்கும் சத்தத்தோடு ஒரு பகல் முழுதும் துளைத்தார். கடைசியில் வெள்ளைச் சேறு பொங்கி, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. அடுத்த நாள் பார்த்தபோது கிணற்றில் நெஞ்சளவு தண்ணீர். இரண்டு மணித்தியாலம் விடாமல் இறைத்தோம். நான் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிட்டேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற சத்தத்துக்கு அக்கா வாசலில் வந்து நின்றாள். பக்கத்துக்காரரும் தன் முறைக்கு இறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கடவுள் தமக்குச் செய்ததை ஆட்கள் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழும்பினேன். எங்கள் சபை சின்னச் சபை, நாற்பது பேர் இருப்போம். தண்ணீர் இல்லாமல் தவித்ததையும், ஜெபித்ததையும், வசனம் கிடைத்ததையும், சைவக்காரரான பக்கத்துக் காணிக்காரர்கூட மறுபேச்சில்லாமல் சம்மதித்ததையும், தண்ணீர் கிளம்பியதையும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிய இடத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். முதல் இரண்டு தரம் திறந்ததை நான் சொல்லவில்லை. சாட்சி நீண்டுவிடும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாள் நன்றாகப் போனது. பிறகு ஒருநாள் பின்னேரம் பக்கத்துக்காரரின் மனைவி பிள்ளைகளைக் கிணற்றடியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சவர்க்காரம் நுரைக்கவில்லை. கடைக்காரன் பழைய சவர்க்காரத்தைத் தந்துவிட்டான் என்று ஏசினார். அந்தக் கிழமையே அக்காவின் பருப்பு அவியவில்லை. அடுப்பைக் குறை சொன்னாள். வெங்காயத் தாளின் நுனிகள் பழுப்பாகின. அதற்கு நான் வெயிலைக் குறை சொன்னேன். ஆளுக்கொன்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்துக்காரர் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார். துப்பினார். என்னைப் பார்க்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

நானும் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கடல் அளவுக்கு இல்லை. ஆனால் சவர்.

இப்படியான நேரங்களில் நான் செய்கிற வேலை ஒன்றுதான், வெளிக்கிடுவது. வவுனியா லொறிக்காரரின் நம்பர் இன்னும் போனில் இருந்தது. உடுப்பு ஒரு பைக்குள் அடங்கும். அடுத்த நாள் காலை அக்கா சந்தைக்குப் போனபின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருந்தேன், போகட்டா வேண்டாமா என்று கேட்க. கண்ணை மூடினேன். விரலைப் பக்கத்துக்குள் வைக்கப் போகிற நேரத்தில் ஒன்று விளங்கியது. எந்தப் பதில் வரவேண்டும் என்று நான் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டேன். அது வரும்வரை திறந்துகொண்டுதான் இருப்பேன். முப்பது வருசமாக நான் கடவுளிடம் கேட்டதே இல்லை, கையெழுத்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

பயமாக இருந்தது. புத்தகத்தைத் திறக்காமல் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். அவர் மோட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"என்ன அண்ணை, உங்கடை ஆள் அடுத்ததா என்னவாம்? இன்னுமொரு பதினைஞ்சு அடியோ?"

"தம்பி, அவர் ஒண்டும் சொல்லேல்லை."

"இப்பவோ?"

"அப்பவும்."

துடைத்த கை நின்றது. நான் நடந்ததைச் சொன்னேன். மூன்று தரம் திறந்ததையும் சொன்னேன்.

"மூண்டு தரமோ?"

"ஓம்."

"ரெண்டாந்தரம் என்ன வந்தது?"

"பொறுத்திரு எண்டு."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பல்ல. "அதை அங்கை வைச்சிட்டு மூண்டாவதை எனக்குக் கொண்டு வந்தனீங்கள்."

"ஓம்."

"அண்ணை, எனக்கு இப்பிடிப் படுது எண்டு நீங்கள் வந்திருந்தா நான் உங்களோடை சண்டை பிடிச்சிருப்பன். அந்தக் கம்பிரசரைக் கிணத்தடிக்கு விட்டிருக்க மாட்டன். கடவுள் சொன்னவர் எண்டு வந்தியள். உங்கடை கடவுளோடை நான் எப்பிடிச் சண்டை பிடிக்கிறது? சண்டை பிடிச்சு, நாளைக்கு என்ரை பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா, அதாலைதான் எண்டு வீட்டிலை சொல்லுவினம். பாதிக் கிணறு என்ரை. அந்தப் பாதிக்கும் நீங்களே கதைச்சுப்போட்டியள்."

நின்றேன். அவரும் நின்றார். உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"உங்கை நிண்டு கதைச்சாத் தண்ணி இனிச்சிடுமோ? துளையை அடைக்கிற வழியைப் பாருங்கோ ரெண்டு பேரும்!"

அடுத்த நாள் அடைத்தோம். அதற்கும் வழி சொன்னது அவர்தான். குளத்துக் களிமண்ணைச் சாக்கில் கொண்டுவந்து பிசைந்து உருண்டை உருண்டையாக்கினார். கிணற்றை இறைத்துவிட்டு நான் கயிற்றில் இறங்கினேன். குழாயைப் பிடுங்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நெம்பிக்கொண்டிருந்த அலவாங்கு வழுக்கி உள்ளங்கை வெட்டுப்பட்டது. அந்த வெட்டில் தண்ணீர் பட்டபோது எரிந்த எரிவில் எவ்வளவு சவர் என்று தெரிந்தது. மேலிருந்து அவர் வாளியில் களிமண் இறக்கினார்.

"அண்ணை, உயிரோடை இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

"சத்தத்தைக் காணேல்லை. ஜெபம் பண்ணுறியளோ, மண் அடைக்கிறியளோ?"

"ரெண்டும்தான்."

"முதலிலை மண்ணை அடையுங்கோ. மற்றதை மேலை வந்து செய்யலாம்."

ஆனால் நான் உள்ளே ஜெபித்துக்கொண்டுதான் அடைத்தேன். வழி கேட்கவில்லை. வழி தெரிந்திருந்தது, களிமண்ணை இறுக்கி இறுக்கி இடிப்பது. பலத்தை மட்டும் கேட்டேன். கடைசியில் மேலே சீமெந்து பூசிவிட்டு ஏறினேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் தந்து தானும் எடுத்துக்கொண்டாள். அது எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டது. மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம்.

அடைத்ததும் தண்ணீர் பழையபடி குறைந்தது. மிஞ்சிக் கிடக்கிற சவரை மேலே இழுக்காமல் இருக்க வேண்டும், நாளுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் இறைக்கக் கூடாது, குழாய் வாயைத் தண்ணீரின் மேல்மட்டத்தோடு வைத்திருக்க வேண்டும் என்றார் பக்கத்துக்காரர். அரை மணித்தியாலத் தண்ணீர் இரண்டு தோட்டத்துக்குப் போதாது. அது சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது.

"பாதிக்குப் பாதி இறைப்பம்" என்றார் அவர்.

"பாதிக்குப் பாதி எண்டா ரெண்டும் சாகும்" என்றாள் அக்கா. "உம்மடை மிளகாய்க்கு இறையும் தம்பி. வெங்காயம் எங்கடை பிழையிலை போகுது. போகட்டும்."

என்னுடைய பிழை என்று அவள் சொல்லவில்லை. எங்கடை என்று சொன்னாள். அவர் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீடு.

வெங்காயத்தை அந்தக் கிழமையே பிடுங்கினோம். கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது. தாளோடு கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனோம். அக்கா அந்த வருசம் மூன்று ஊர் தள்ளி ஆட்களின் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போனாள். நான் வீடு கட்டுகிற இடங்களில் மேசனுக்குக் கையாளாக நின்றேன். இரவில் அநேகமாகப் பேக்கரிப் பாணும் சம்பலும். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை, இதைவிடக் கஷ்டப்பட்டிருக்கிறோம். ஒரு நாள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள்.

"ரெண்டையும் செய் எண்டு சொன்னனான். நீ ஒண்டைத்தான் செய்தாய். அதையும் மூண்டு தரம் செய்தாய்."

சொல்லிவிட்டு என் பீங்கான் தட்டில் இன்னொரு துண்டுப் பாண் வைத்தாள்.

மிச்சமாக ஒரு வேலை இருந்தது. போதகரிடம் போனேன். முப்பது வயதுப் பெடியன், படித்தவர், யாரையும் எளிதில் புண்படுத்தமாட்டார்.

"ஐயா, நான் அண்டைக்குச் சொன்ன சாட்சியைத் திருப்பி எடுக்க வேணும்."

"திருப்பி எடுக்கிறதோ? அப்பிடி ஒரு முறை எங்கடை ஒழுங்கிலை இல்லையே அண்ணை."

காரணத்தைச் சொன்னேன்.

"சாட்சி நேரத்திலையே சொல்லுங்கோ. அதுவும் சாட்சிதானே. ஆனா சுருக்கமாச் சொல்லுங்கோ அண்ணை. போன தரம் பன்னிரண்டு நிமிசம் எடுத்தனீங்கள்."

ஞாயிற்றுக்கிழமை எழும்பினேன். இந்த முறை நன்றாகச் சொல்ல வரவில்லை. மூன்று தரம் திறந்ததையும், எனக்கு ஆசையாயிருந்ததைக் கடவுளின் வாயில் வைத்ததையும், அப்படி வைத்ததால் விசயம் தெரிந்த ஒரு மனிதரை வாய் மூட வைத்ததையும், தண்ணீர் சவராகிப்போனதையும் சொன்னேன். என் இடத்தில் அமர்ந்தேன். பின்வரிசை வாங்கில் ஒரு கிழவி வழக்கம்போல உரத்து ஸ்தோத்திரம் என்றார். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நானும். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள்.

வெளியே வரும்போது ஒருவர் என்னைப் பூவரசுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, தன் மகளின் கலியாணப் பேச்சுக்குத் தான் நாலு தரம் திறந்ததாகச் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "என்ன செய்தியள்?" என்று கேட்டேன். "இனித்தான் அவளைக் கேக்க வேணும்" என்றார்.

ஞானம் இல்லாதவன் கேட்டால் கடவுள் கொடுப்பார் என்று ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்தோம். அது பொய் இல்லை. நான் கேட்டேன், கொடுத்தார். கேட்பதற்கு முதல் நாளே கொடுத்துவிட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கத்தில் நின்று கீழை போகாதேங்கோ என்றது. சத்தமும் பெரிசாகத்தான் இருந்தது. திருநீறு பூசிய நெற்றியிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைவிட, என் விருப்பத்துக்கு எதிராக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தை நான் இப்போதும் வாசிக்கிறேன், முன்னைவிடக் கூடுதலாக. முதலிலிருந்து, வரிசையாக, பெயர்ப் பட்டியல்களையும் விடாமல். ஒரு தகப்பன் வெட்டிய கிணறுகளைப் பகைவர் மண்போட்டுத் தூர்த்துவிட, மகன் வந்து அவற்றையே திரும்பத் தோண்டும் இடத்துக்கு வந்தபோது மட்டும் இரண்டு நாள் அங்கேயே நின்றேன். அதிலிருந்து எனக்கென்று ஒரு கட்டளையும் எடுக்கவில்லை. வாசித்தேன், அவ்வளவுதான்.

கார்த்திகையில் மழை பெய்தது. நல்ல மழை. கிணறு அரைவாசிக்கு நிரம்பியது. மிளகாய் பிழைத்தது. தண்ணீர் இப்போது தோட்டத்துக்கு ஆகும், குளிக்கவும் ஆகும். குடிக்க இன்னும் சரியில்லை. அதற்கு இன்னும் ஒன்றிரண்டு மாரி வேண்டும் என்கிறார் பக்கத்துக்காரர். அதனால் ஒவ்வொரு நாள் காலையும் சைக்கிளில் நாலு கலன் கட்டிக்கொண்டு தேவாலய வளவுக் கிணற்றுக்குப் போகிறேன். இரண்டு மைல். இரண்டு கலன் எங்கள் வீட்டுக்கு, இரண்டு அவர்கள் வீட்டுக்கு. என்னைச் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் ஒரே தெருவில் இத்தனை நாள் தொடர்ந்து போனது இதுதான். லொறிக்காரர் இடையில் ஒரு தரம் எனக்குப் போன் எடுத்தார். இப்போதைக்கு வர முடியாது, தண்ணி அள்ளுகிறேன் என்றேன். அவர் விளங்காமல் வைத்துவிட்டார்.

போகிற வழியில் ஜெபிக்கிறேன். பெரிய விசயங்களை இப்போது அதிகம் கேட்பதில்லை. அன்றன்றைக்கு உள்ளதைக் கேட்கிறேன். அக்காவின் முழங்கால் வலிக்கு எந்த வைத்தியரிடம் போவது, இந்தப் போகம் இரண்டு பரப்பில் மட்டும் வெங்காயம் வைத்தால் போதுமா, இப்படியானவை. கேட்டுவிட்டு, யாருக்குத் தெரியும் என்று யோசிக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை, எங்கள் முறை. வெங்காயம் நட்டு மூன்று கிழமை. மோட்டரைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் நிற்பாட்ட வேண்டும், ஆனால் கடைசிப் பாத்திக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. இன்னும் பத்து நிமிசம் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று மனம் கேட்டது. மண்வெட்டியோடு வரம்பில் நின்று, ஆண்டவரே, நிற்பாட்டவா விடவா என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். ஒரு பதிலும் வரவில்லை.

நான் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து மோட்டரை நிற்பாட்டினார்.

"காணும் அண்ணை, போதும்" என்றார்.